மலைப்பாதையில் ஒரு மந்தரக் குரல்

ஏப்ரல் மாதம் பிறந்துவிட்டால் நுவரெலியா நகரம் விழாக்கோலம் பூண்டுவிடும். வசந்தகாலக் கொண்டாட்டங்களைப் பாடசாலை மாணவர்களின் பாண்ட் வாத்திய அணிவகுப்புடன் தொடங்கி வைப்பது அங்கு நெடுநாளைய வழமை. குளிர் விலகாத காலைப்பொழுதில், வண்ணச் சீருடை அணிந்த சிறுவரும் சிறுமியரும் அடிமேல் அடிவைத்து நடந்து வருவதைக் காண வீதியின் இருமருங்கிலும் மக்கள் திரள்வர். முன்னால் கோலைச் சுழற்றிச் செல்லும் தலைவர்மீது முதலில் கண் பதியும். காதில் முதலில் விழுவது டிரம்பெட்டின் கூரிய நாதமும் பக்கமேளங்களின் அதிர்வும். ஆயினும் அந்த இசை முழுவதையும் தாங்கி நிற்கும் ஒலி வேறொன்று. பின்வரிசையிலிருந்து மிகத் தாழ்ந்த குரலில் எழும் அந்த ஒலியைப் பலர் தனியாகக் கவனிப்பதில்லை. அது இல்லாத வேளையில்தான் இசையில் ஏதோ ஒரு வெறுமை இருப்பதை உணர்வர்.

நாதஸ்வரத்துக்கு ஒத்து எத்தகையதோ, வாய்ப்பாட்டுக்குத் தம்பூரா எத்தகையதோ, அத்தகையது மேலைத்தேய ஊதுகருவிக் குழுவுக்கு இந்த மந்தர ஒலி. ஆனால் ஒத்தும் தம்பூராவும் ஒரே சுருதியில் நிலைத்து நிற்பவை. டியூபா, சூசாபோன், யூபோனியம் ஆகிய பித்தளைக் கருவிகளோ பாட்டின் நடைக்கேற்ப அடிச்சுரங்களை மாற்றிக்கொண்டு நடப்பவை. நடையின் தாளத்தைக் காலுக்கு எடுத்துக் கொடுப்பதும், மேலே ஒலிக்கும் சுரங்கள் இன்னவை என்று காதுக்குப் பொருள் விளக்குவதும் அவையே. கட்டடத்துக்கு அத்திவாரம் போன்றவை என்று அவற்றைச் சொல்லலாம்.

இக்கருவிகளில் உள்ள இடர்ப்பாடு அவற்றின் பருமன். முழு அளவிலான டியூபா ஒன்றை மடியில் வைத்தால் அதன் விரிவாய் பன்னிரண்டு வயதுச் சிறுவனின் தலைக்கு மேலே எழுந்து நிற்கும். அதனைத் தூக்கிக்கொண்டு பிரதான வீதியிலிருந்து தோட்டத்துக்குள் செல்லும் ஏற்ற இறக்கப் பாதையில் நடப்பதோ, மாலை வேளையில் நெரிசல் மிகுந்த பஸ்ஸில் ஏறுவதோ இயலாத செயல். ஆகவே கருவி பாடசாலையின் களஞ்சிய அறையிலேயே பூட்டப்பட்டுக் கிடக்கும். டிரம்பெட் வாசிக்கும் மாணவி அதை வீட்டுக்கு எடுத்துச் சென்று பயில்வாள். டியூபா வாசிக்கும் மாணவன் வாரத்தில் ஓரிரு நாள், குழு கூடும் நேரத்தில் மட்டுமே அதைத் தொடுவான். வீட்டுக்குக் கொண்டு செல்ல இயலாத கருவியை ஒரு பிள்ளை செம்மையாகக் கற்பது அரிது. நகரத்துப் பாடசாலைக்கு அருகே குடியிருக்கும் பிள்ளைக்கு இது ஒரு சிறு தடை. நாள்தோறும் மைல் கணக்கில் நடக்கும் தோட்டத்துப் பிள்ளைக்கோ வாய்ப்பின் கதவே இதனால் மூடப்பட்டுவிடுகிறது.

தாழ்ந்த சுரத்துக்கு இத்தனை பெரிய கருவி ஏன் வேண்டும் என்ற கேள்வி எழுவது இயல்பு. விடை எளியது. ஊதுகருவியின் சுருதியை முடிவு செய்வது அதன் உள்ளே அதிரும் காற்றுத் தம்பத்தின் நீளம். நீளம் இரண்டு மடங்கானால் சுருதி ஒரு ஸ்தாயி கீழே இறங்கும். வழக்கமான டிரம்பெட்டின் குழாயை நிமிர்த்தினால் ஏறத்தாழ நாலரை அடி இருக்கும். அதற்கு ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும் யூபோனியத்துக்கும் டிராம்போனுக்கும் 9 அடி. அதற்கும் ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும் பெரிய டியூபாவுக்கு 18 அடி. பத்தடிக்குப் பன்னிரண்டடி என்று சொல்லப்படும் நம் லயன் அறையில் அந்தக் குழாயை நிமிர்த்திப் போட்டால் மூலைவிட்டமாகக் கூட அது அடங்காது.

இங்கேதான் இயற்கை நமக்கு ஒரு சலுகை தருகிறது. தாழ்ந்த ஒலியின் அலைநீளம் குழாயின் தடிப்பைவிடப் பல மடங்கு பெரியது. ஆதலால் குழாயை வளைத்தாலும் சுருட்டினாலும் மடித்தாலும் காற்றுத் தம்பம் தான் நேராக இருப்பதாகவே கருதி அதிரும். சுருதியில் சொற்ப மாற்றமே நேரும். நீளத்தைக் குறைக்க இயலாது. அந்த நீளம் அடைத்துக்கொள்ளும் இடத்தைக் குறைக்கலாம். சிறிய, சுமக்கத்தக்க தாழ்சுருதிக் கருவிகள் அனைத்தும் இந்த ஒரே உண்மையின்மீது எழுந்தவை.

இந்தச் சிந்தனை நமக்குப் புதியதன்று. பத்துப்பாட்டில் ஒன்றாகிய மலைபடுகடாம், நன்னனைக் காணச் செல்லும் கூத்தரை மலைவழியில் ஆற்றுப்படுத்தும் நூல். பெருங்கௌசிகனார் பாடிய அந்நூலின் தொடக்கத்திலேயே, கூத்தர் தம் இசைக்கருவிகளைப் பையில் இட்டுக் கட்டிச் சுமந்து செல்லும் காட்சி வருகிறது. முழவு, ஆகுளி, பாண்டில், கோடு, குழல் ஆகியவற்றோடு தூம்பு என்ற நெடிய ஊதுகருவியும் அங்கே கூறப்படுகிறது. அதன் ஓசைக்கு யானையின் பெருமூச்சை உவமையாக்குகிறார் புலவர். ஒலி தாழ்ந்த ஒரு நெடுங்கருவியை, மலைப்பாதையில் சுமந்து செல்லும் கலைஞர் கூட்டம் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தமிழ் நிலத்தில் இருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

பிற்காலக் கோயில்களிலும் ஊர்வலங்களிலும் இடம்பெற்ற கொம்பு, எக்காளம், தாரை ஆகியவற்றையும் இவ்வகையிலே நோக்க வேண்டும். கொம்பு வளைந்த உலோகத் துண்டுகளை ஒன்றோடொன்று செருகி அமைக்கப்படுவது. ஊதும்போது பிறை வடிவிலோ பாம்பு நெளிந்தாற்போன்றோ தலைக்கு மேலே உயர்ந்து நிற்கும். ஊதி முடித்ததும் துண்டு துண்டாகக் கழற்றிப் பையில் இட்டுக்கொள்ளலாம். அதன் குரல் டியூபா அளவுக்குத் தாழ்ந்ததன்று. வால்வுகள் இன்மையால் சில சுரங்களையே எழுப்ப வல்லது. ஆயினும் நீண்ட குழாயைச் சுமக்கத்தக்கதாக்க நம் கன்னார் கண்ட வழி இதுவென்பது கருதத்தக்கது. இன்றும் கேரளத்துப் பஞ்சவாத்தியத்தில் கொம்பு தனக்கென ஓர் இடத்தைப் பெற்றுள்ளது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழகத்திலிருந்து இலங்கையின் மத்திய மலைநாட்டுக்கு நடந்து வந்த நம் முன்னோர், தோளில் சுமக்கக் கூடியதை மட்டுமே கொண்டுவர முடிந்தது. அவர்கள் பட்ட துயரை நினைவுகூர்ந்து, மலையகம் 200 என்ற பெயரில் 2023 ஆம் ஆண்டு தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைபயணம் மேற்கொள்ளப்பட்டமையை வாசகர் அறிவர். கக்கத்தில் இடுக்கிக்கொள்ளக்கூடிய தப்பு அவ்வாறு வந்து, மலையகத்தின் உயிர்த்துடிப்பாகவே ஆகிவிட்டது. விடியற்காலையில் தொழிலாளரைப் பிரட்டுக்களத்துக்கு அழைக்கத் தப்பு ஒலித்தது, கொம்பும் ஊதப்பட்டது. அதே தப்பு மாசி மாதத்துக் காமன் கூத்திலும், திருவிழாவிலும், இறுதி ஊர்வலத்திலும் ஒலித்தது. சி. வி. வேலுப்பிள்ளை போன்றோரின் எழுத்துகளில் அவ்வொலி நிலைபெற்றுவிட்டது. அதிகாரத்தின் அழைப்பாக ஒலித்த கருவியையே தம் கலையின் குரலாக மாற்றிக்கொண்ட மக்களின் பிள்ளைகள்தாம் இன்று டிரம்பெட்டையும் டிராம்போனையும் கையில் ஏந்துகின்றனர்.

மலைவாழ் மக்கள் நீண்ட, தாழ்ந்த குரலுடைய ஊதுகருவிகளை விரும்பியமைக்கு உலகெங்கும் சான்றுகள் உண்டு. தாழ்ந்த ஒலி காற்றில் எளிதில் தேய்ந்து போவதில்லை. குன்றும் மரமும் குறுக்கிட்டாலும் அவற்றை வளைந்து கடந்து செல்லும். திபெத்திய மடாலயங்களின் துங்சென் என்ற நெடுங்கருவி பத்தடிக்கு மேலும் நீளக்கூடியது. அதன் துண்டுகள் ஒன்றினுள் ஒன்று நுழையுமாறு அமைந்திருப்பதால், சுருக்கி எடுத்துக்கொண்டு மலையேறலாம். சுவிற்சர்லாந்தின் அல்ப்ஸ் மலை இடையர் ஊதும் அல்ப்ஹோர்ன் மரத்தால் ஆனது. ஏறத்தாழ 12 அடி நீளமுடையது. இக்காலத்தில் அதனையும் கழற்றிப் பூட்டும் துண்டுகளாகவே பெரும்பாலும் செய்கின்றனர்.

ஐரோப்பியர் இந்தச் சிக்கலை அணுகிய வரலாறு சுவையானது. பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் பிரான்சில் தோன்றியதாகக் கூறப்படும் செர்ப்பன்ட் என்ற கருவி, ஏறத்தாழ எட்டடி நீள மரக்குழாயைப் பாம்புபோல் நெளித்துத் தோலால் போர்த்தியது. நெளிந்திருந்தமையால் வாசிப்போரின் விரல்கள் துளைகளை எட்டின. தேவாலயத்தில் பாடலுக்குத் துணைநின்ற அது, பின்னர் இராணுவ வாத்தியக் குழுக்களிலும் இடம்பிடித்தது. 1817 இல் பாரிசில் உருவான ஒஃபிக்ளைட் அதன் உலோக வடிவம். குழாயை நடுவில் மடித்து, பெரிய மூடிகளால் துளைகளைத் திறந்து மூடும் முறை அதில் இருந்தது. துளைகளுள்ள குழாயில் எல்லாச் சுரங்களும் ஒரே வலிமையுடன் ஒலிப்பதில்லை என்பது இவ்விரண்டுக்கும் பொதுவான குறை.

அந்தக் குறையை நீக்கியது வால்வு. 1810களில் ஜேர்மனியில் பிறந்த இந்தக் கண்டுபிடிப்பு, விரலால் அழுத்தியவுடன் காற்றை ஒரு கூடுதல் குழாய் வழியே சுற்றிவரச் செய்கிறது. குழாயின் நீளம் கூடுகிறது, சுருதி இறங்குகிறது. மூன்று வால்வுகள் இருந்தால் அவற்றைத் தனித்தும் சேர்த்தும் அழுத்தி அரைச்சுரம் அரைச்சுரமாக இறங்கலாம். இந்த ஏற்பாட்டைக் கொண்டு 1835 இல் பிரஷ்ய நாட்டு இராணுவ இசைப் பொறுப்பாளர் வில்ஹெல்ம் வீப்ரெக்ட், மோரிட்ஸ் என்ற கருவி செய்வோருடன் சேர்ந்து முதல் டியூபாவுக்குக் காப்புரிமை பெற்றார். அடுத்த பத்தாண்டுக்குள் பாரிசில் அடோல்ஃப் சாக்ஸ் தம் சாக்ஸ்ஹோர்ன் குடும்பத்தை அமைத்தார். யூபோனியமும் அதே 1840களில் ஜேர்மனியில் தோன்றியது. இன்று நாம் காணும் பாண்ட் வாத்தியக் குழுவின் உருவம் அக்காலத்தில் வார்க்கப்பட்டதே.

நடந்துகொண்டும் குதிரைமீது அமர்ந்தும் வாசிக்க வேண்டியிருந்தமையால், குழாயை உடலைச் சுற்றி வளையமாக அமைத்துத் தோளில் ஏற்றும் ஹெலிகன் என்ற வடிவம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வந்தது. எடை கையில் தொங்காமல் தோளில் இறங்கிவிடுவதால் நீண்ட தூரம் நடக்கலாம். அமெரிக்க வாத்தியக் குழுத் தலைவர் ஜோன் பிலிப் சூசாவின் விருப்பத்துக்கிணங்க 1893 இல் ஃபிலடெல்ஃபியாவின் பெப்பர் நிறுவனம் செய்து தந்த மாற்றுவடிவமே அவர் பெயரால் சூசாபோன் எனப்படுகிறது. பித்தளையில் செய்த சூசாபோன் பன்னிரண்டு கிலோகிராமுக்கு மேற்பட்ட எடையுடையது. 1960களில் கண்ணாடியிழையால் செய்தவை வந்த பின்னர் எடை கணிசமாகக் குறைந்தது. ஒலியின் செழுமை சிறிது குறைந்தாலும், இளம் மாணவரின் தோளுக்கு அது பெரும் ஆறுதல்.

சூசாபோன் நடப்பதற்கு வசதியானது. பஸ்ஸில் ஏற்றுவதற்கு வசதியானதன்று. பயணத்துக்கென்றே அமைந்த வகையினவும் உள. மத்திய ஐரோப்பாவில் டோர்னிஸ்டர் டியூபா என்ற ஒன்று உண்டு. டோர்னிஸ்டர் என்ற ஜேர்மன் சொல்லுக்குப் போர்வீரனின் முதுகுப்பை என்று பொருள். முழு நீளக் குழாயையும் மிக நெருக்கமாகச் சுருட்டி, விரிவாயைச் சிறிதாக்கி, முதுகில் மாட்டிக்கொள்ளும் அளவில் அதைச் செய்தனர். அதே எண்ணத்தில் பயண டியூபா என்ற பெயருடன் புதிய கருவிகளை, இங்கிலாந்தின் வெசெக்ஸ் போன்ற நிறுவனங்கள் அண்மைக்காலத்தில் விற்பனைக்குக் கொண்டுவந்துள்ளன. பெரிய டியூபாவின் சுரங்கள் அனைத்தும் அதில் உண்டு. உருவம் மட்டும் யூபோனியத்தை நெருங்கியது.

இவ்வாறு சுருக்குவதால் இழப்பு ஒன்றும் இல்லையோ என்று கேட்கலாம். இழப்பு உண்டு. தாழ்ந்த சுரத்தின் அடிப்படை அதிர்வை வெளியே செலுத்துவதற்கு அகன்ற விரிவாய் துணைசெய்கிறது. விரிவாய் சிறுத்தால் அந்த அடிப்படை அதிர்வு மெலியும். எனினும் மனிதச் செவியின் இயல்பு இங்கே கைகொடுக்கிறது. ஒரு சுரத்தின் மேலதிர்வுகள் ஒழுங்காக வந்து சேர்ந்தால், அடிப்படை அதிர்வு மெலிந்திருந்தாலும் மூளை அதைத் தானே நிரப்பிக்கொள்ளும். சிறிய வானொலிப் பெட்டியில் ஆண்குரலை நாம் ஆண்குரலாகவே கேட்பதற்கும் இதுவே காரணம். ஆகவே சிறு டியூபா திறந்த மைதானத்தில் பெரியதற்கு ஈடாகாது; வகுப்பறையிலும் சிறு மண்டபத்திலும் பயிற்சியிலும் போதுமானது.

பிள்ளைகளின் உடலமைப்பைக் கருதிச் செய்தவை தனி வகை. டிராம்போனின் நகரும் குழாயை முழுமையாக நீட்ட வளர்ந்தோரின் கை வேண்டும். யமஹா நிறுவனம் செய்யும் சிறிய டிராம்போன் ஒன்றில் கட்டைவிரலால் இயக்கும் வால்வு இருப்பதால், கை எட்டாத கடைசி நிலைகளின் சுரங்களையும் பிள்ளை எளிதில் எடுக்கலாம். வால்வு டிராம்போனையும் டிரம்பெட் போல நெருக்கமாகச் சுருட்டிய வடிவிலே செய்கின்றனர். 2010ஐ ஒட்டிய காலத்தில் இங்கிலாந்தில் உருவான பீபோன் என்ற பிளாஸ்ரிக் டிராம்போன் ஒரு கிலோகிராமுக்கும் குறைவான எடையுடையது. விளையாட்டுப் பொருள் என்று முதலில் நகைத்தவர்களே பின்னர் அதை ஏற்றனர். கீழே விழுந்தால் நசுங்காது, குளிர்ந்த காலையில் உதட்டைச் சில்லிட வைக்காது, நிறமும் கவரும். இதனைத் தொடர்ந்து பிளாஸ்ரிக் யூபோனியமும் டியூபாவும் சந்தைக்கு வந்துள்ளன.

மலைநாட்டுக்கெனச் சில தனி நியாயங்கள் உள்ளன. கடல் மட்டத்திலிருந்து 6,000 அடிக்கு மேல் அமைந்த நுவரெலியாவில் காற்றழுத்தம் கடற்கரையைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. இதனால் சுருதி மாறுவதாகச் சிலர் எண்ணுவர். உண்மையில் சுருதியை மாற்றுவது உயரமன்று; குளிரே. ஒலியின் வேகம் வெப்பநிலையைப் பொறுத்தது. 30 பாகை வெப்பமுள்ள கொழும்பிலிருந்து 12 பாகையில் நடுங்கும் நுவரெலியாக் காலைக்கு ஒரு கருவியைக் கொண்டு வந்தால், அதன் சுருதி அரைச்சுரத்தில் ஏறத்தாழ பாதியளவு இறங்கும். ஊதுவோரின் மூச்சுச் சூட்டால் கருவி மெல்ல மெல்ல மீளும். ஆனால் நாலரை அடிக் குழாய் விரைவில் சூடேறும். பதினெட்டடிக் குழாய் சுணங்கும். அணிவகுப்பின் தொடக்கத்தில் மேற்குரலும் கீழ்க்குரலும் ஒன்றோடொன்று ஒட்டாமல் ஒலிப்பதற்கு மாணவரின் கவனக்குறைவே காரணம் என்று கடிந்துகொள்வதற்கு முன், பொறுப்பாசிரியர் இதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். கருவிகளைச் சிறிது நேரம் ஊதிச் சூடேற்றிய பின்னரே சுருதி சேர்த்தல் நலம். வாங்கும்போதே, சுருதி சேர்க்கும் குழாயை உள்ளே தள்ளுவதற்கு இடம் மிச்சமுள்ளதா என்று பார்த்து வாங்குவதும் இன்றியமையாதது. ஏனெனில் குளிரில் இறங்கிய சுருதியை ஏற்றக் குழாயைக் குறுக்க வேண்டும்.

குளிர்ந்த உலோகத்தில் மூச்சின் ஈரம் நீராகப் படிவதும் மலைநாட்டில் மிகுதி. வளைவுகள் நெருக்கமாக உள்ள சிறு கருவிகளில் இந்நீர் தேங்கும் இடங்களும் அதிகம். வாசித்து முடித்தவுடன் நீரை வடித்து, வால்வுகளுக்கு எண்ணெய் இட்டு வைக்காவிட்டால் சில மாதங்களில் வால்வுகள் இறுகிவிடும். கருவி பழுதாகிப் போவதற்கு மட்டமான தரம் ஒரு காரணமென்றால், பராமரிப்பை எவரும் சொல்லிக் கொடுக்காமை மற்றொரு காரணம்.

இனி விலையைப் பற்றிச் சொல்லாமல் இருக்க இயலாது. தரமான புதிய டியூபாவின் விலை சில ஆயிரம் அமெரிக்க டொலர். 2024 இல் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா என வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. மாதத்தில் 25 நாள் வேலை கிடைத்தாலும் 33,750 ரூபாவே தேறும். ஒரு டொலர் 300 ரூபா எனக் கொண்டால், ஆயிரம் டொலருக்கு ஒரு தொழிலாளி ஒன்பது மாதம் கொழுந்து பறிக்க வேண்டும்; அதுவும் உண்ணாமல் உடுக்காமல். எனவே இது பெற்றோரின் பொறுப்பாக இருக்க முடியாது. பாடசாலையும் பழைய மாணவர் சங்கமும் கல்வி அதிகாரிகளும் நலன்விரும்பிகளும் கூடிச் செய்ய வேண்டிய காரியம்.

அவ்வாறு பணம் திரளும் இடங்களிலும் அது எவ்வாறு செலவாகிறது என்பது சிந்தனைக்குரியது. பார்வைக்குப் பெரிதாகவும் பளபளப்பாகவும் உள்ள ஒரு கருவியை வாங்கி, கையளிப்பு விழா நடத்தி, நிழற்படம் எடுத்துக்கொள்வதில் நம்மவருக்கு ஆர்வம் அதிகம். அதே பணத்தில் இரண்டு யூபோனியங்களை வாங்கினால் இரண்டு பிள்ளைகள் அவற்றை முதுகில் மாட்டிக்கொண்டு வீடு செல்வர். ஆண்டு முடிவில் இரண்டு வாத்தியக்காரர்கள் உருவாகியிருப்பர். யூபோனியத்தின் எடை நான்கைந்து கிலோகிராம் அளவிலானது. அதன் குரல் டியூபாவைவிட ஒரு ஸ்தாயி உயர்ந்ததாயினும், இருபது முப்பது பேர் கொண்ட பாடசாலைக் குழுவுக்கு அடித்தளமாக அமையப் போதுமானது. நான்காவது வால்வு உள்ளதாயின் இன்னும் கீழே இறங்கலாம். அதில் தேர்ந்த மாணவன் பின்னர் டியூபாவுக்கு மாறுவதும் எளிது. உதட்டின் பழக்கமும் மூச்சின் பழக்கமும் பொதுவானவை.

ஆகவே மலையகப் பாடசாலை ஒன்று படிப்படியாகச் செல்வதே அறிவுடைமை. தொடக்கநிலைப் பிள்ளைகளுக்குப் பிளாஸ்ரிக் டிராம்போன். வீட்டுப் பயிற்சிக்கு யூபோனியம். அணிவகுப்புக்கு அருகருகே உள்ள பாடசாலைகள் பகிர்ந்துகொள்ளும் கண்ணாடியிழைச் சூசாபோன் ஒன்று. குழு வளர்ந்து நிலைபெற்ற பின்னர் சிறிய டியூபா என்ற வரிசை பொருத்தமாக இருக்கும். ஒரே நாளில் எல்லாப் பாடசாலைகளுக்கும் சூசாபோன் தேவைப்படும் ஏப்ரல் மாதத்தில் பகிர்வு கடினமாகலாம். ஏனைய பதினொரு மாதங்களில் அது கடினமன்று.

விலை குறைந்த கருவிகளை வாங்குவோருக்கு ஓர் எச்சரிக்கையும் தேவை. இணையத்தில் படத்தைப் பார்த்து வாங்கும் மலிவான கருவிகளில் வால்வுகள் செம்மையாகப் பொருந்தாமலும் சுரங்கள் சுருதி பிசகியும் இருப்பதுண்டு. அத்தகைய கருவியில் பயிலும் பிள்ளை தன் செவியே பிழையென்று எண்ணிச் சோர்ந்துவிடும். வாசிக்கத் தெரிந்த ஒருவர் ஊதிப் பார்க்காமல் எதையும் வாங்கலாகாது. நமக்கு அருகிலேயே உள்ள இந்தியாவின் மீரட் நகரம் பாண்ட் வாத்தியக் கருவிகளுக்குப் பெயர்பெற்றது. அங்கு 1885 இல் தொடங்கப்பட்ட நாதிர் அலி நிறுவனம் நூற்றாண்டைக் கடந்து இக்கருவிகளைச் செய்து வருகிறது. வட இந்தியத் திருமண ஊர்வலங்களில் யூபோனியம் ஒலிப்பதற்கு அந்நகரத்துத் தொழிலாளரின் கைத்திறனும் ஒரு காரணம். தரத்தில் மேலைநாட்டுக் கருவிக்கு ஈடில்லாதவையும் அங்கு உண்டு. எனினும் உதிரிப்பாகமும் பழுதுபார்ப்பும் எட்டிப் பிடிக்கும் தூரத்தில் கிடைப்பது சிறு நன்மையன்று. மலையகத்து இளைஞர் சிலர் இப்பழுதுபார்க்கும் தொழிலைக் கற்றுக்கொண்டால், களஞ்சிய அறைகளில் உறங்கும் கருவிகள் பல விழித்தெழும். அதுவே ஒரு பிழைப்பாகவும் அமையும்.

லயன் குடியிருப்பில் ஒரு சுவருக்கு அப்பால் அடுத்த குடும்பம் இருக்கிறது. நாள் முழுவதும் மலையேறிக் கொழுந்து பறித்துத் திரும்பியவர்கள் ஓய்வெடுக்கும் வேளையில் யூபோனியத்தை முழங்கினால் யார் பொறுப்பர்? விரிவாயில் செருகும் மியூட் என்ற ஒலியடக்கி இதற்கொரு வழி. ஊதுவாயை மட்டும் கையில் எடுத்து உதட்டை அதிரவைத்துப் பழகுவது செலவில்லாத வழி. மாலையில் தோட்டத்து மைதானமோ கோயில் முன்றிலோ பயிற்சிக் களமாகலாம். தப்புப் பழகிய பிள்ளைகள் காலங்காலமாகச் செய்தது அதுவே.

தப்பையும் பாண்ட் வாத்தியத்தையும் எதிரெதிராக நிறுத்துவோர் உண்டு. மேலைத்தேயக் கருவிகளைப் பயில்வதால் நம் மரபு அழியும் என்பது அவர்தம் அச்சம். நாதஸ்வரக் கச்சேரியில் கிளாரினெட்டும், கருநாடக இசையில் வயலினும் வந்து சேர்ந்ததால் நம் இசை அழிந்துவிடவில்லை, செழித்தது. தப்பின் அடியும் யூபோனியத்தின் மந்தரமும் இணைந்து ஒலிக்கும் மலையக வாத்தியக் குழு ஒன்றைக் கற்பனை செய்து பார்ப்போம். கழற்றிப் பூட்டும் கொம்பைத் தூக்கி மலையேறிய கூத்தர் மரபில் வந்த பிள்ளைகளுக்கு அது அந்நியமாகத் தோன்ற நியாயமில்லை.

தோட்டத்துப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது 1970களில்தான். நாட்டின் ஏனைய பாடசாலைகள் நெடுங்காலத்துக்கு முன்பே பெற்றுவிட்ட வசதிகளை அவை இன்னும் ஒவ்வொன்றாகப் பெற்று வருகின்றன. விஞ்ஞான ஆய்வுகூடமும் ஆசிரியரும் போதாத இடத்தில் ஊதுகுழல் எதற்கு என்று கேட்போருக்குச் சொல்ல வேண்டியது ஒன்றுண்டு. ஒரு குழுவில் தன் சுரம் தவறினால் அனைவரின் இசையும் சரியும் என்பதை உணர்ந்து நிற்கும் பிள்ளை, பொறுப்பு என்றால் என்னவென்று ஏட்டில் படிக்காமலே கற்றுக்கொள்கிறது. பின்வரிசையில் நின்று தாழ்ந்த குரலில் அனைவரையும் தாங்கும் கருவிக்கு இது இன்னும் பொருந்தும்.

அடுத்த ஏப்ரலில் நுவரெலியா வீதியில் வாத்தியக் குழுக்கள் நடந்து வரும்போது, பின்வரிசையை உற்றுக் கேட்போம். அங்கே மந்தர ஒலி மெலிந்திருக்குமாயின், அதை வாசிக்க வேண்டிய பிள்ளைக்கு வீட்டுக்கு எடுத்துச் செல்லத்தக்க கருவி கிடைத்ததா என்று அதிபரும் பெற்றோரும் பழைய மாணவரும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டும். பெரிய கருவியை வாங்கிப் பூட்டி வைப்பதைவிட, சிறிய கருவி ஒன்றைப் பிள்ளையின் முதுகில் மாட்டி மலைப்பாதையில் அனுப்பிவைப்பதே மேல்.